நூற்று நாற்பத்து மூன்று

மின்விசிறியைக் குறைக்கச் சொல்லித்தான் கை தூக்கினேன்.
"உம்முல் பரீதா முன்வந்திருக்காங்க" என்றார் தலைவர் கார்மேகம்.
கைதட்டல்.
இப்படித்தான்
தொண்டியில் ஒருநாள் கருத்தரங்கு,
கடலோர ஆய்வக நுட்புநர்கள் எல்லோருக்கும்.
திட்ட மேலாளர் நான்.
சம்பளம் கிடையாது. பெட்ரோலும் என்னுடையது.

என் வேலை
பிறர் இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்துப் பார்ப்பது.
அணுவுக்கு ஓர் அழுத்து, கட்டைவிரலால்.
எண்ணி 'டிக்' என்னும்.
மனிதர்களை எண்ணியதில்லை.

எக்செல்லில் பதினேழு பத்தி போட்டேன்.
மண்டபம், மைக், மூன்று வேளைத் தேநீர்,
சைவம், அசைவம், 'மீன் மட்டும்',
நண்டு ஒத்துக்கொள்ளாதவர் நால்வர்.
கடைசிப் பத்தி: என்னவெல்லாம் கெடலாம்.
அதில் வாடைக்காற்று என்று எழுதினேன்.
மின்தடை என்று எழுதினேன்.
மதுரைப் பேராசிரியர் பஸ்ஸைத் தவறவிடலாம் என்று எழுதினேன்.
மாமியார் என்று எழுதி அழித்தேன்.

ரசாயன ஏஜென்ட் "பை தர்றோம்" என்றார்.
பைக்குள் என்ன என்று கேட்டேன்.
"பை தர்றோம்" என்றார்.
ஐஸ் கம்பெனி கெபிஸ்டன்
தன் சர்க்கரை அளவு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு
அப்புறம்தான் ஐயாயிரத்தை எடுத்தார்.

வாட்ஸப் குழுவில் நூற்று முப்பது பேர்.
பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்:
கூப்பிட்டதும் ஓடிவருவார்கள்,
வந்த சூட்டிலேயே களைத்துவிடுவார்கள்.
லிம்போசைட்டுகள்
போன வருடச் சாம்பாரை மறக்காதவர்கள்.
இயோசினோஃபில் நூற்றுக்கு ஒன்றிரண்டு.
எங்களுக்கு முதுகுளத்தூர் முருகபூபதி.
வருகிறேன் என்றும் சொல்லமாட்டார்,
வரவில்லை என்றும் சொல்லமாட்டார்,
சான்றிதழில் தன் இனிஷியல் சரியா என்று மட்டும்
இரவு பதினொன்றரைக்குக் கேட்பார்.

அன்று காலை கடல் தட்டில் வைத்த பால்போல் கிடந்தது.
பெண்கடல் என்பார்கள் இந்தப் பக்கத்தை,
சத்தம் போடாதாம்.
பெயர் வைத்தவர்
பந்தல்காரரிடம் நான் பேசியதைக் கேட்டதில்லை.
ஒன்பதரைக்குக் காற்று எழுந்தது.
பேனரில் 'தரம்' என்ற சொல்தான் முதலில் கிழிந்தது.
பேராசிரியர் வந்தார்.
மின்சாரம் போயிற்று.

ஜெனரேட்டர் பையன் தேவிபட்டினத்தில், ஒரு கல்யாணத்தில்.
மண்டபத்துப் பின்பக்கம், டீசல் வாடையில்,
நானும் பொருளாளர் ஜெனோவாவும் கயிற்றை இழுத்தோம்.
நாலாம் இழுப்பில் என் வளையல் உடைந்தது.
ஏழாம் இழுப்பில் எஞ்சின் இருமியது.
உள்ளே உரை தொடங்கியிருந்தது.

அவர் என்ன பேசினார் என்று இன்றுவரை தெரியாது.
சுவருக்கு இந்தப்பக்கம் வந்தது
மூன்று கைதட்டல், ஒரு சிரிப்பு.
அந்தச் சிரிப்பு எதற்கு என்று
பிறகு பலரிடம் கேட்டேன்.
ஒருவருக்கும் ஞாபகமில்லை.

பந்தி வாசலில் நின்று எண்ணியை அழுத்தினேன்.
பதிவு செய்தவர் நூற்றுப் பதினெட்டு.
சாப்பிட்டவர் நூற்று நாற்பத்து மூன்று.
டிரைவர்கள், இரண்டு போலீஸ்,
காற்றுக்குப் பயந்து படகிறக்காத பிள்ளைகள்.
கணவாய் தீர்ந்தது. ரசம் நீண்டது.
யாரையும் யாரென்று கேட்கவில்லை.
அணுக்கள் கூடினால்
உடம்பில் ஏதோ நடக்கிறது, அவ்வளவுதான்.

நன்றியுரையில் மைக்செட்காரர் பெயர்கூட வந்தது.
எனக்கு அடையாள அட்டை அச்சிட
நானே மறந்திருந்தேன்.
திருப்புல்லாணியிலிருந்து வந்த ஒரு பெண்
"அக்கா, பாத்ரூம் சாவி உங்ககிட்டயா?" என்றாள்.
என்னிடம்தான் இருந்தது.

திங்கள் காலை.
வரிசையில் இரத்தக் குழாய்கள், ரப்பர் மூடியோடு.
முதல் துண்டை நுண்ணோக்கியில் வைத்து
கட்டைவிரலை அழுத்திய பிறகுதான் பார்த்தேன்,
எண்ணியைச் சுழியாக்கவில்லை.
யாரோ ஒருவரின் முதல் வெள்ளணு
நூற்று நாற்பத்து நான்கு என்று வந்து நின்றது.
இன்னொரு இலை போடச் சொல்லி
வாய் திறந்துவிட்டேன்.